வெட்டிய பக்கம்

ஜூலை 8, செவ்வாய்

உயிரியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். அவருடைய பத்தாம் வகுப்பு என் தலையில் விழுந்தது. முப்பத்து நான்கு பேர். பாடம்: குச்சி வெட்டி வைத்துச் செடி வளர்ப்பது. ஐந்து வாரம், இருபது மார்க்.

நான் ஆய்வகத் தொழில்நுட்ப உதவியாளன். படித்தது கருவிப் பொறியியல். ஆலையில் இரண்டு வருடம் அழுத்தமானிகளைச் சரிபார்த்தேன். அந்தப் பிரிவை மூடினார்கள். இப்போது இங்கே நுண்ணோக்கிகளைத் துடைக்கிறேன். ஒரு வால்வைத் திறந்தால் என்ன ஆகும் என்று சொல்வேன். ஒரு செடி நாளைக்கு என்ன செய்யும் என்று யாரால் சொல்ல முடியும்?

தலைமையாசிரியையிடம் இதையே சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். என்னை நிரந்தரமாக்குவதற்கான கோப்பு செப்டம்பர் கடைசியில் அவர் மேசைக்கு வரும் என்றார். அதில் 'வகுப்பு எடுத்த அனுபவம்' என்று ஒரு வரி இருக்கிறதாம். அது காலியாக இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டார்.

நன்றாக இருக்காது. ஒப்புக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

புத்தகத்தில் இந்தப் பாடம் ஒன்றரைப் பக்கம். ஆசிரியர் குறிப்பு: 'மாணவர்களின் ஆர்வத்தைத் தூண்டவும்.' எத்தனை வோல்ட்டில் என்று போடவில்லை.

ஜூலை 10, வியாழன்

செய்முறைத் தாள் தயார். பன்னிரண்டு படிகள். மண் எத்தனை கிராம், மணல் எத்தனை கிராம், தண்ணீர் எத்தனை மில்லி, எல்லாம் இருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டிலை நடுவில் வெட்டி, கீழ்ப்பாதியில் மண், மேல்பாதி மூடி. உள்ளே ஈரம் தங்கும். பக்கவாட்டில் வேர் தெரியும். ஐந்தாவது படி: 'தண்டின் வெட்டிய பக்கத்தை, இரண்டு கணுக்கள் மறையும் ஆழத்துக்கு மண்ணில் செருகவும்.' புத்தகத்துப் படத்தில் தண்டின் மேல்முனையில் இலை, அடியில் வெட்டு. தெளிவாக எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அக்கா மருந்துக்கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தாளை வாங்கிப் படித்தாள்.

"மாத்திரை டப்பாவுக்குள்ள ஒரு தாள மடிச்சு வைப்பாங்களே, அது மாதிரி இருக்கு. யாரும் படிக்க மாட்டாங்க. நேரா கவுன்ட்டருக்கு வந்து என்னைத்தான் கேப்பாங்க."

என் தாளைப் படித்தால் கேள்வியே வராது என்றேன். அவள் செருப்பைக் கழற்றப் போனாள். அத்தான் வெளியூர்ப் பணியில் இருப்பதால் கிண்டல் செய்ய வீட்டில் நான் ஒருவன்தான் அவளுக்கு.

ஜூலை 11, வெள்ளி

நட்டாயிற்று.

வேலியோரச் செம்பருத்தியை நேற்றே காவலாளி வெட்டிப் போட்டிருந்தார். காலையில் பார்த்தால் நுனியெல்லாம் துவண்டு கிடந்தது. வாடிய நுனியை வைத்துப் பயனில்லை. நுனிகளைக் கழித்தேன், இலைகளை உருவினேன், நடுத்தண்டை மட்டும் எடுத்தேன். ஒரு பலகையில் பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, அதில் வைத்து வைத்து நறுக்கினேன். தடிமன் எட்டிலிருந்து பத்து மில்லிமீட்டர். நாற்பது துண்டுகள், பென்சில் மாதிரி, எது எதுவென்று தெரியாத அளவுக்கு ஒரே மாதிரி. வாளியில் போட்டு வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஆலையில் இருந்திருந்தால் யாராவது கையைக் குலுக்கியிருப்பார்கள்.

தாளைக் கொடுத்து, இதைப் பார்த்து ஒரு குரங்குகூட நட்டுவிடும் என்றேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

"எந்தப் பக்கம் சார் மண்ணுக்குள்ள போகணும்?"

"அஞ்சாவது படி."

படித்தாள். குச்சியைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி வாயைத் திறந்தாள்.

"வெட்டின பக்கம்னு எழுதியிருக்கு. படிக்கத் தெரியும்தானே?"

வகுப்பு சிரித்தது. உட்கார்ந்துவிட்டாள். முப்பத்து நான்கு பேரும் நட்டு முடிக்க இருபத்திரண்டு நிமிடம்.

ஜூலை 16, புதன்

ஒன்றும் இல்லை. குச்சிகள் நிற்கின்றன.

ஜூலை 21, திங்கள்

சிலவற்றில் மொட்டு வீங்கியிருக்கிறது. கடைசிப் பெஞ்சில் ஒருவன் இருக்கிறான், நிறுத்தாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர். ஒவ்வொரு பாட்டிலாக நின்று வர்ணனை கொடுக்கிறான். என் மேசைக்கு வந்து, எனக்கு வகுப்பு வைத்திருக்கும் பெயரையும் ஒலிபரப்பிவிட்டுப் போனான். 'கையேடு.' பரவாயில்லை, ஆலையில் வைத்திருந்ததைவிட மேல்.

மூன்றாவது பெஞ்ச் பெண்ணுக்குப் பெயர் அரைமில்லி. காரணம் குறிப்பேட்டைப் பார்த்ததும் தெரிந்தது: 'கீழ் மொட்டு 1.5 மி.மீ.' சாதாரண ஸ்கேலில் அரை மில்லிமீட்டரை எங்கே கண்டாய் என்றேன்.

"ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னுச்சு சார்."

சரியான பதில். சொல்லவில்லை.

ஜூலை 28, திங்கள்

கணக்கெடுத்தேன். பதினேழு குச்சிகளில் நல்ல துளிர். ஐந்தில் ஏதோ ஒரு துளிர், ஆனால் கோணல்: கீழ்நோக்கிக் கிளம்பி, பிறகு கொக்கி மாதிரி மேலே வளைகிறது. பன்னிரண்டில் ஒன்றுமே இல்லை. அரைமில்லியின் குச்சியும் அந்தப் பன்னிரண்டில். முதலில் வீங்கிய மொட்டு கருகிவிட்டது.

பதினேழுக்குப் பதினேழு. பாதி வகுப்பு காதால் கேட்கிறது, பாதி வகுப்பு வாயால் கேட்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

பதினேழு பாட்டில்களின் சுவரில் வேர் தெரிகிறது. மற்றதில் இல்லை. உயிரியல் டீச்சருக்குச் செய்தி அனுப்பினேன். குழந்தையின் படம் வந்தது. பதில் வரவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

மதிப்பெண் போட்டேன். வேர் விட்டிருந்தால் இருபது, துளிர் மட்டும் என்றால் பத்து, ஒன்றுமில்லை என்றால் நான்கு. அந்த நான்கும் பாட்டில் கொண்டுவந்ததற்கு. தலையெழுத்தைப் பார்த்தோ முகத்தைப் பார்த்தோ போடவில்லை. அளவு இதுதான் என்று முதலிலேயே பலகையில் எழுதியிருந்தேன்.

செத்த குச்சிகளின் மூடிகள் உள்ளே ஈரம் படிந்து மங்கலாக இருந்தன. ஒன்றிரண்டில் மேல்முனையில் வெள்ளையாக என்னவோ. பூஞ்சை. திறக்கவில்லை.

அரைமில்லியின் குறிப்பேட்டில் ஒரு பள்ளி நாள்கூட விடுபடவில்லை. ஆனால் குச்சியில் ஒன்றுமில்லை. நான்கு. "எழுதறதுல இருக்கிற அக்கறை நடறதுல இல்ல" என்றேன். அவள் மூடியை இறுக்கிப் பார்த்துவிட்டு இடத்துக்குப் போனாள். ரேடியோவுக்கும் நான்கு. அவன் செடி போன நேரம், நாள், நட்சத்திரம் எல்லாம் அறிவித்தான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மதிப்பெண் பட்டியலை அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. இனி எனக்கும் மண்ணுக்கும் தொடர்பில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பை அக்டோபரில் இரண்டாகப் பிரிப்பார்களாம்: அறிவியல் பிரிவு, பொதுப் பிரிவு. அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு எண்பது, செய்முறை இருபது, மொத்தத்தில் எழுபது வேண்டும். செய்முறை என்றால் என் குச்சி. பட்டியல் இன்று ஒட்டினார்கள். அரைமில்லி எழுத்தில் ஐம்பத்தெட்டு. குச்சியில் நான்கு. பொதுப் பிரிவு.

ரேடியோ எழுத்திலேயே எழுபத்தொன்று. வாய்க்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அரைமில்லியின் அம்மா வந்தார். பேருந்து ஓட்டுநர். சீருடையோடு, கையில் சாவியோடு ஆய்வக வாசலில் நின்றார். வண்டி திரும்ப எடுக்கப் பத்து நிமிடம்தான் இருக்கிறது, உட்காரவில்லை என்றார். மார்க் போடச் சொல்லிக் கெஞ்சுவார் என்று எதிர்பார்த்து அளவுகோல் தாளை எடுத்து வைத்திருந்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"மார்க்க மாத்தச் சொல்லி வரல சார். இவ எந்த இடத்துல தப்பு பண்ணினான்னு மட்டும் சொல்லுங்க. வீட்ல ராத்திரி பகலா அதையேதான் கேக்கறா. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது."

நான் என்ன சொன்னேன்? 'கவனக்குறைவு.'

அவர் தலையாட்டினார். "கவனக்குறைவு" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார், வீடு போகும்வரை மறந்துவிடக் கூடாது என்பதுபோல. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 27, புதன்

எழுதுவதற்கு முன் மூன்று முறை எண்ணினேன்.

செத்த குச்சிகளைக் குப்பைக்கூடையில் போடச் சொன்னேன். எல்லோரும் போட்டார்கள். அரைமில்லி பாட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது சாகல சார்."

மூடியைத் திறந்து பார்த்தேன். மேல்முனையில் வெள்ளை நூல்கள், நான்கு. பூஞ்சை என்றேன்.

"பூஞ்சை இவ்வளவு தடிப்பா, நாலே நாலு நூலா வருமா சார்?"

லென்ஸை எடுத்தேன். வேர். காற்றில், குச்சியின் உச்சியில், வேர். தொங்கிக்கொண்டிருக்கிறது. ஏழு மில்லிமீட்டர் இருக்கும் என்றேன். எட்டரை என்றாள். அளந்தேன். எட்டரை.

பிறகு அவள் விரலால் காட்டினாள். இலை உதிர்ந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். மொட்டு அந்தத் தழும்புக்கு மேலேதான் வரும். வேலியில் போய்ப் பார்த்தாளாம், எல்லாக் கிளையிலும் அப்படித்தான். இவள் குச்சியில் மொட்டு தழும்புக்குக் கீழே இருந்தது.

"தலைகீழா வெச்சிருக்கேன் சார்."

ஏன் அப்படி வைத்தாய் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் வெட்டினதா இருந்துச்சு. அதுல ஒண்ண வெச்சேன்."



கூடையைக் கவிழ்த்து, குச்சிகளை எல்லாம் பொறுக்கி மேசையில் அடுக்கினேன். தழும்பு, மொட்டு, தழும்பு, மொட்டு. தோற்ற பதினேழில் பதினாறு தலைகீழ். அந்தக் கொக்கித் துளிர் ஐந்தும் அதில் அடக்கம். வேர் விட்ட பதினேழையும் பார்த்தேன். பதினேழும் நேர்.

ஒன்றே ஒன்று நேராக நின்றும் செத்திருந்தது. ரேடியோவுடையது. வேர் வந்துவிட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்திருக்கிறான். அவன் நான்குக்குத் தகுதியானவன்.

மற்றபடி, யாரும் கவனக்குறைவாக இல்லை. நாணயத்தைச் சுண்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சுண்டச் சொன்னது ஐந்தாவது படி.

ஆகஸ்ட் 28, வியாழன்

அவள் இன்னொரு முறை கேட்டிருக்கலாம் இல்லையா? ரெண்டு பக்கமும் வெட்டியிருக்கே என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். முப்பத்து நான்கு பேரில் ஒருத்தராவது.

— திறந்தாள். ஜூலை 11 பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தலைமையாசிரியையிடம் சொன்னேன். கேட்டுவிட்டு மதிப்பெண் திருத்தப் படிவத்தை எடுத்துக் காட்டினார், கொடுக்கவில்லை. காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள். கூட்டல் பிழை. எழுத்துப் பிழை. ஆசிரியர் பிழை. முதல் இரண்டில் மூன்று மார்க்குக்கு மேல் கூட்ட முடியாது. பதினாறு பேருக்கு மூன்றாவது கட்டத்தில் குறி போட்டால் படிவம் மேலிடத்துக்குப் போகும். நகல் என் கோப்புக்குப் போகும். என் கோப்பும் அதே மேலிடத்துக்குத்தான் போகிறது.

"பொதுப் பிரிவு ஒண்ணும் பாழுங்கிணறு இல்ல. அங்கயும் பிள்ளைங்க படிக்கறாங்க. நீங்க இப்பதான் ஒரு இடத்துல காலூன்றப் போறீங்க."

காலூன்ற என்ற சொல்லைத் தெரிந்து போட்டாரா, தெரியாமல் போட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியாமல்தான். கெட்டவர் இல்லை; கணக்குப் பார்த்துச் சொல்கிறார். கடைசித் தேதி செப்டம்பர் 5.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆலையில் ஒரு ஃபிட்டர் இருந்தார். ஒருபக்க வால்வு ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டார். அது தண்ணீரை ஒரு பக்கம்தான் ஓட விடும். உடம்பில் அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்து மாட்ட வேண்டும். தொட்டி காய்ந்தது, பம்ப் சூடேறி நின்றது. விசாரணை அறிக்கை எழுதியது நான். 'மனிதத் தவறு' என்று எழுதினேன். அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

அம்புக்குறியின் மேல் எங்கள் ஆட்களே பெயிண்ட் அடித்திருந்தார்கள். எனக்குத் தெரியும். சுரண்டிப் பார்த்தவனே நான்தான். அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

செம்பருத்திக் குச்சியும் ஒருபக்க வால்வுதான். அதற்குள் அம்புக்குறி இருக்கிறது. நான் நுனியைக் கழித்து, இலையை உருவி, பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன்.

இந்த முறை கட்டம் இருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

அக்காவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் கேட்டது: "அப்போ நிரந்தரம்?" கிடைக்காது என்று நினைக்கிறேன் என்றேன்.

"எந்த வேலையிலயாவது ரெண்டு வருஷம் தாண்டற உத்தேசம் இருக்கா உனக்கு? அத்தான்கிட்ட நீ நிலையா உட்கார்ந்துட்டேன்னு போன வாரம்தான் பெருமையா சொன்னேன்."

கோபம்தான். நியாயமான கோபம். அத்தான் பணிபுரியும் ஊருக்கு அவள் குடிபோக வேண்டும். நான் ஒரு வழிக்கு வரட்டும் என்று இரண்டு வருடமாகத் தள்ளிப்போடுகிறாள். அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எதிர்த்துப் பேச வசதியாக இருந்திருக்கும்.

பத்து நிமிடம் கழித்து மடித்த சட்டையை என் மேல் போட்டாள்.

"தினமும் இருபது பேருக்குச் சொல்றேன்டா, சாப்பாட்டுக்கு முன்னாடின்னா எவ்வளவு முன்னாடின்னு. அட்டையில இருக்கு. இருந்தாலும் கேப்பாங்க. கேக்கறவங்க கேணையங்க இல்ல. கேக்காம போறவங்கள நினைச்சாதான் எனக்குப் பயம். நீ கேட்டவளையே உட்கார வெச்சிருக்கே."

பிறகு, "போட்டுத் தொலை" என்றாள். சட்டையையா படிவத்தையா என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

மூன்றாவது கட்டம். கையெழுத்து. விளக்கம் என்ற இடத்தில்: 'செய்முறைத் தாளின் ஐந்தாவது படியில் "வெட்டிய பக்கம்" என்று எழுதியிருந்தேன். கொடுத்த தண்டுகளில் இரண்டு பக்கமும் வெட்டப்பட்டிருந்தன. வெட்டியவன் நான்.' நான்கு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். இரண்டரை போதுமாக இருந்தது.

பதினாறு பேருக்கும் குறிப்பேட்டை வைத்து மார்க் போடுவதாக எழுதினேன். தலைமையாசிரியை படிவத்தை இரண்டு முறை படித்தார். "இவ்வளவு தெளிவா அந்தத் தாளையும் எழுதியிருக்கலாமே" என்றார். முத்திரை குத்தினார்.

செப்டம்பர் 4, வியாழன்

வகுப்பில் சொன்னேன். ஐந்தாவது படியைப் பலகையில் எழுதி, குறுக்கே கோடு போட்டேன். தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்றேன். ஒத்திகை பார்க்காமல் சொன்னதால் அறிவிப்புப் பலகை வாசிக்கிற மாதிரி வந்தது. பிறகு பின்னாலிருந்து:

"அப்போ நாங்க குரங்கு இல்லையா சார்?"

"நீ மட்டும்" என்றேன். "தினமும் பிடுங்கினது நீதான்." சிரித்தார்கள். நானும் கொஞ்சம்.

அரைமில்லியிடம், அம்மாவிடம் நான் சொன்ன காரணம் தவறு என்று சொல்லச் சொன்னேன். சொல்கிறேன் என்று தலையாட்டவில்லை. யோசித்தாள்.

"நீங்களே சொல்லிடுங்க சார். நான் சொன்னா, நானே சேர்த்துச் சொல்றேன்னு நினைப்பாங்க."

குறிப்பேட்டுக்குப் பத்தொன்பது. ஜூலை 24 என்று இரண்டு நாள் எழுதியிருக்கிறாள். ஒரு மார்க் குறைத்தேன். மொத்தம் எழுபத்தேழு.

செப்டம்பர் 8, திங்கள்

முனையத்துக்குப் போனேன். அவர் வண்டி வர நாற்பது நிமிடம். மற்றவர்கள் இறங்கும்வரை நின்றேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே என்னைப் பார்த்தார். படிக்கட்டில் நின்றபடி சொன்னேன்: அவள் எந்த இடத்திலும் தப்பு செய்யவில்லை, தாளில் தப்பு, எழுதியது நான்.

வண்டியின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். அவசரமே இல்லை.

"ரெண்டு வாரமா என் கண்ண பாக்காம சாப்பிட்டா சார்" என்றார். மன்னித்தாரா என்று தெரியாது. நான் கேட்கவும் இல்லை. இறங்கும்போது "படி உயரம், பாத்து" என்றார். எல்லோரிடமும் சொல்வதாக இருக்கும்.

செப்டம்பர் 12, வெள்ளி

அரைமில்லி குச்சியைத் திருப்பி நட்டிருக்கிறாள். உச்சியில் இருந்த வேர் மண்ணுக்குள், மண்ணில் இருந்த முனை வெளியே. பிழைக்காது என்றேன். இரண்டு மாதம் தலைகீழாக நின்ற தண்டு, சேமிப்பு தீர்ந்திருக்கும். எத்தனை சதவீதம் பிழைக்காது என்றாள். தெரியவில்லை என்றேன்.

தெரியவில்லை என்று அந்த வகுப்பில் நான் சொன்னது அதுவே முதல் முறை. அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

செப்டம்பர் 22, திங்கள்

புதுப்பட்டியல் ஒட்டினார்கள். அறிவியல் பிரிவில் ஆறு பெயர்கள் கூடியிருக்கின்றன. அரைமில்லி பட்டியலில் தன் பெயரைப் பார்த்தாள், பிறகு மற்ற ஐந்தையும் பார்த்தாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை. உயிரியல் டீச்சர் திரும்பும்வரை, அதாவது நவம்பர் 28 வரை நீட்டிப்பு. காரணம்: 'செய்முறைத் தரக்கட்டுப்பாட்டில் குறை.' வாக்கியம் சரியாக இருக்கிறது. என்னைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அக்கா கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து உறைக்குள் போட்டாள். டிசம்பரில் அத்தானிடம் போகிறாளாம். "நீ வழிக்கு வர மாட்டே. நான் காத்திருந்து கிழவியாகறதுதான் மிச்சம்." திட்டுவதுபோல் சொன்னாலும் முகம் லேசாக இருந்தது. இரண்டு வருடம் தள்ளியதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

அக்டோபர் 13, திங்கள்

ஒன்பதாம் வகுப்புக்கும் அதே பாடம். புதுத் தாள் எழுதினேன். இப்போது பதினான்கு படிகள். மேல்முனையை நேராகவும் அடிமுனையைச் சாய்வாகவும் வெட்ட வேண்டும்; சாய்வு மண்ணுக்குள். அச்சடிக்கும் முன் அரைமில்லியிடம் படிக்கக் கொடுத்தேன். ஏழு இடத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தாள். அதில் ஐந்து நியாயமானவை. இரண்டு என்னைச் சீண்டுவதற்காக என்று நினைக்கிறேன்.

நவம்பர் 3, திங்கள்

ஒன்பதாம் வகுப்பு: முப்பத்தொன்றில் இருபத்தெட்டு துளிர். அரைமில்லியின் பழைய குச்சியில் ஒரு இலை. ஒன்றே ஒன்று, கோணல்.

நவம்பர் 28, வெள்ளி

சாவிகளை ஒப்படைத்தேன். ரேடியோ வாசலில் நின்று பிரிவுபசார உரை ஆற்றினான், இடையில் மணி அடித்தும் நிறுத்தவில்லை. அரைமில்லி வரவில்லை. ஆய்வக ஜன்னலோரம் அவள் பாட்டில் இருந்தது. மூடி இல்லை, இலைகள் நான்கு. பக்கத்தில் ஸ்கேல். எடுத்து அளந்தேன், பெரிய இலை. எழுதி வைக்க அவள் குறிப்பேடு அங்கில்லை. இங்கே எழுதுகிறேன்: 31.5.

ஜனவரி 6, செவ்வாய்

புது வேலை, இரண்டாவது நாள். பம்ப் செய்யும் ஆலை. எனக்கு ஒரு கண்ணாடி அறை, அதற்குள் ஒரு மேசை, கீழே பட்டறைக் கூடம். மாட்டும் வழிமுறைத் தாள் எழுதுவதுதான் வேலை. மூன்றாவது பம்புக்கான தாளைக் காலையில் கீழே அனுப்பினேன். அம்புக்குறி, படம், அளவு, எல்லாம் இருந்தது. இரண்டு முறை சரிபார்த்தேன்.

பதினோரு மணிக்கு ஒரு ஃபிட்டர் படியேறி வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கையில் வால்வு, அக்குளில் என் தாள். கதவுக்கு வெளியே நின்றபடியே கேட்டார்.

"எந்தப் பக்கம் சார்?"

தாளில் இருக்கிறது. நான்காவது படி. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு அவரோடு கீழே இறங்கினேன்.